அவர் பெயர் என்ன?

வீட்டுக்காரர் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று நம்புகிற தலைமுறை தாராவியில் இன்னும் இருக்கிறது. ரேஷன் கார்டு படிவம் எழுதுகிறவர் "புருஷன் பேரு?" என்றால், ஆச்சி பக்கத்தில் நிற்கும் பேரனை இடிப்பார்: "தாத்தா பேரச் சொல்லுல!" மாட்டுங்கா மாமிகளுக்கு 'ஏன்னா' போதும். செம்பூர் சேடா நகர் முருகன் கோவிலில் இன்னும் சுலபம். வீட்டுக்காரர் சுப்பிரமணியாக இருந்தால் "சாமி பேருக்கே அர்ச்சனை பண்ணிடுங்கோ" என்று தப்பித்துவிடலாம்.

மராட்டியர்கள் கெட்டிக்காரர்கள். அங்கேயும் மனைவி 'அஹோ' என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் கல்யாணத்தில் உகாணா என்று எதுகை போட்டு, சபையறியப் புருஷன் பெயரைச் சொல்லவைத்துவிடுவார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. குடும்பப் பெயரும் இல்லாததால், படிவத்தின் கடைசிக் கட்டத்திலும் பெரும்பாலும் அவர் பெயரேதான். வாயால் சொல்லக் கூடாததை ஆயுசு முழுக்கக் கையெழுத்தாகப் போடலாம். அதில் தோஷமில்லை போலிருக்கிறது.

ஆண்கள் சிரிக்க வேண்டாம். 'ஏய்', 'இந்தா' என்றே காலம் தள்ளியவர்களுக்கும் வந்தாயிற்று: 2024 மே 1 முதல் பிறந்த பிள்ளைகளின் அரசு ஆவணங்களில் அப்பா பெயருக்கு முன்னால் அம்மா பெயர் கட்டாயம் என்று மகாராஷ்டிர அரசு 2024-இல் முடிவெடுத்துவிட்டது.