வேவுச் சிரோமணி

கணினித் திரையில் விண்வெளி சாம்ராஜ்யங்களை ஆள்கிறவர்கள் மூன்று வகைப்படுவர். ஆட்டம் ஆரம்பித்த மறுகணமே பீரங்கிக் கப்பல்களைக் கட்டிக்கொண்டு பக்கத்து நட்சத்திரத்தின்மேல் பாய்கிறவர் ஒருவர். சுரங்கமும் தொழிற்சாலையும் வைத்துப் பொருள் சேர்த்து, கடைசியில் அந்தப் பொருளோடு சேர்ந்து பிறர் வசமாகிறவர் இன்னொருவர். மூன்றாமவர், எதிரி எங்கே இருக்கிறான், எப்போது கிளம்புவான், எந்த வழியாக வருவான் என்பதைத் தெரிந்துகொள்வதே பரம புருஷார்த்தம் என்று இருப்பவர். சண்டை அவருக்கு இரண்டாம் பட்சம். பல சமயங்களில் அந்தப் பட்சம் வருவதற்குள்ளேயே ஆட்டம் முடிந்துவிடும். இந்த மூன்றாமவருக்கு வேவுச் சிரோமணி என்று பட்டம் சூட்டலாம். இவ்வினத்தார் எல்லா ஊர்களிலும் உண்டு என்றாலும், வருசநாட்டில் இவர்கள் சற்று செழிப்பாகவே விளைகிறார்கள்.

1993-ஆம் ஆண்டில் வந்த 'மாஸ்டர் ஆஃப் ஓரியன்' என்னும் ஆட்டம், ஆடுகிறவனுக்கு ஆரம்பத்தில் ஒரு குடியேற்றக் கப்பலையும் இரண்டு வேவுக் கப்பல்களையும் கொடுத்து அனுப்பும். ஏனையோருடைய கண் குடியேற்றக் கப்பலின் மேலேயே இருக்க, நம் சிரோமணியோ வேவுக் கப்பல்கள் இரண்டுதானா என்று குறைப்பட்டுக்கொள்வார். 2016-இல் வெளிவந்த 'ஸ்டெல்லாரிஸ்' ஆட்டத்தில் ஓர் ஆராய்ச்சிக் கப்பல் கிடைக்கும். அது துறைமுகத்தை விட்டுப் புறப்படுவதற்குள் இவர் இன்னொன்றுக்கு உத்தரவு போட்டிருப்பார். காரணம் கேட்டால் விஸ்தாரமாகச் சொல்லுவார். இந்த ஆட்டங்களில் அண்டம் முழுவதும் இருட்டு. போய்ப் பார்த்தாலொழிய எந்த நட்சத்திரத்தில் என்ன இருக்கிறது என்பது தெரியாது. கப்பல் அகன்றதும் பார்த்த இடம் மறுபடியும் மங்கிவிடும். ஆகையால் பகைவன் வரக்கூடிய ஒவ்வொரு வழியிலும் ஆயுதமும் கவசமும் இல்லாத மலிவான சிறு கலம் ஒன்றை நிறுத்திவைக்க வேண்டும். பகைப்படை அந்த நட்சத்திரத்தைத் தாண்டித் தலைநகருக்கு வந்து சேர ஆட்டக் கணக்கில் சில மாதங்களாவது பிடிக்கும். அந்த மாதங்களை வாங்குவதற்குத்தான் அந்தக் கலத்தின் விலை. அது தப்பி ஓடிவந்தால் செய்தி. அழிந்துபோனால் அதுவும் செய்தி.

தர்க்கத்தில் குற்றம் காண முடியாது. ஆனால் எல்லையெங்கும் கண்களை நிறுத்திய சிரோமணியிடம், வந்தவனை எதிர்க்கக் கைகள் இருப்பதில்லை. வரைபடம் முழுவதும் வெளிச்சமாக, கஜானா காலியாக, அவருடைய சாம்ராஜ்யம் வீழ்கிறது. மற்ற அரசர்கள் எதிரி வாசலுக்கு வந்த பிறகு தங்கள் தோல்வியை அறிகிறார்கள். இவரோ அதை முக்கால் மணி நேரம் முன்னதாகவே அறிந்து, அந்த முக்கால் மணியையும் பூரண திருப்தியுடன் அனுபவிக்கிறார்.

இந்தச் சுபாவம் அவருக்குத் திரையிலிருந்து வந்ததல்ல என்பதை அறிய அவருடைய வீட்டுத் திண்ணையில் ஓர் இரவு உட்கார்ந்தால் போதும். உள்ளே சிரோமணி, விளக்கை அணைத்துவிட்டு, நீல வெளிச்சத்தில் எல்லை நட்சத்திரங்களை வரிசையாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வெளியே அவருடைய ஐயா, தலையில் துண்டைக் கட்டி, ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் ஓட்டைத் தகரடப்பாவும் ஒரு குச்சியுமாக மக்காச்சோளக் காட்டுக்குப் புறப்படுகிறார். காட்டுப்பன்றி வருகிறதா என்று பரணில் உட்கார்ந்து விடியும்வரை பார்ப்பதும், வந்தால் தகரத்தைத் தட்டுவதும் அவர் உத்தியோகம். வாசற்படியில் நின்று அவர் உள்ளே ஒரு குரல் கொடுப்பார்: "ஏண்டா, ராத்திரியெல்லாம் முழிச்சுக்கிட்டு அப்படி என்னத்தடா பாக்குற?" மகன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீங்க பாக்குறதைத்தாய்யா நானும் பாக்குறேன்" என்பார். இருவரும் சொல்வது உண்மை. இருவருக்கும் மறுநாள் பகலில் தூக்கம்.

சிரோமணிக்கு மிகவும் மரியாதைக்குரிய ஸ்தலம் வைகை அணை. 1959-இல் திறக்கப்பட்ட அந்த அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. தண்ணீர் 66 அடியைத் தொட்டதும் கரையோர மக்களுக்கு முதல் வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது; 69 அடியில் மூன்றாவது. இந்த எண்களைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும். ஆயினும் அவர் மனத்தில் ஒரு தாங்கலும் உண்டு. மேகமலையிலும் வெள்ளிமலையிலும் பெய்கிற மழை மூலவைகையாகத் திரண்டு, வருசநாடு, மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு வழியாக ஓடி அல்லவா அணைக்குப் போகிறது? அப்படியானால் அணைக்கும் முந்திய எச்சரிக்கை யார்? சாக்ஷாத் தாமே என்பது அவருடைய துணிபு.

ஆகவே மலைப்பக்கம் கருத்துவிட்டால் அவர் ஆற்றுப் பாலத்தில் போய் நிற்பார். தண்ணீரின் நிறம் செம்மண்ணாக மாறுகிறதா, சருகும் சுள்ளியும் மிதந்து வருகின்றனவா என்று பார்த்துவிட்டு, கடமலைக்குண்டில் ஆற்றங்கரையில் தோட்டம் வைத்திருக்கும் தாய்மாமனுக்குப் போன் செய்வார்.

"மாமா, மேல நல்ல மழை. ஆத்துத் தண்ணி கலங்கிருச்சு. மோட்டாரைத் தூக்கிருங்க."

"போன தடவையும் இதையேதான மாப்ளே சொன்ன? தூக்குகூலி ஆயிரம் ரூவா குடுத்தேன். முழங்காலுக்குக்கூட வரல."

"வந்திருந்தா மாமா?"

"வரலையேப்பா!"

இந்தச் சம்பாஷணையில்தான் சிரோமணியின் வாழ்க்கைச் சங்கடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. வெள்ளம் வந்து, தூக்கிவைத்த மோட்டார் பிழைத்தால், மோட்டாரைத் தூக்கிய மாமன் புத்திசாலி. வெள்ளம் வராமற்போனால், தூக்கச் சொன்ன மருமகன் பொய்யன். கொடுத்த கூலி கண்ணுக்குத் தெரிகிறது. தப்பிய நஷ்டத்தைக் கண்ணால் கண்டவர் எவருமில்லை. 1945-இல் ஒகினாவாத் தீவைச் சுற்றி ரேடாருடன் தொலைவில் நிறுத்தப்பட்ட அமெரிக்கப் போர்க்கப்பல்கள், ஜப்பானிய விமானங்கள் வருவதை முதலில் கண்டு சொல்லுவதற்காகவே நின்றன. வழியில் முதலில் எதிர்ப்பட்டவையும் அவையே ஆனதால் முதல் அடியையும் அவையே வாங்கின. மாமன் போனை வைத்த பிறகு சிரோமணி இந்தச் சரித்திரத்தை நினைத்து ஆறுதல் அடைவார்.

2023-ஆம் ஆண்டில் அவருடைய சித்தாந்தத்துக்கே ஒரு சோதனை வந்தது. சின்னக்கானலில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, பெரியாறு காட்டில் கொண்டுபோய் விடப்பட்ட அரிக்கொம்பன் என்னும் யானை, மேகமலைப் பக்கமெல்லாம் சுற்றிவிட்டு, மே 27-ஆம் தேதி கம்பம் நகரத்துத் தெருவிலேயே நடந்துபோயிற்று. எங்கே இருக்கிறது என்பதைத் தானே அறிவித்துக்கொண்டு வரும் எதிரி வேறு எந்த ஆட்டத்திலும் கிடையாது. "காலர் கட்டியும் ஊருக்குள்ளே வந்துவிட்டதே, அப்புறம் அந்த எச்சரிக்கையால் என்ன பிரயோஜனம்?" என்று டீக்கடையில் மடக்கினார்கள். சிரோமணி கிளாஸைக் கீழே வைத்தார். "காலர் சொல்லத்தான் செய்யும்ணே. மறிக்குறது அதோட வேலை இல்ல" என்றார். யானையை ஜூன் 5-ஆம் தேதி பிடித்து, களக்காடு முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோன பிறகும் அந்த வாதம் டீக்கடையில் முடிந்தபாடில்லை.

திருக்குறளில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே இருப்பது இவருக்குப் பெரும் பலம். ஓர் ஒற்றன் சொன்னதை இன்னோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப்பார்க்க வேண்டும், ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல் ஒத்தால் நம்பலாம் என்றெல்லாம் வள்ளுவர் வகுத்திருக்கிறார். ஒற்றனுக்குப் பிறர் அறியச் சிறப்புச் செய்யலாகாது என்றும் அங்கே ஒரு விதி உண்டு. மற்ற விதிகளைப் பற்றி ஊரார் கவலைப்படாவிட்டாலும் இந்த ஒரு விதியை மட்டும் அவர் விஷயத்தில் அக்ஷரம் பிசகாமல் அனுசரித்து வருகிறார்கள்.

இப்படிப்பட்டவருக்குப் பெண் பார்க்கும் படலம் வந்தது. ஆண்டிபட்டிப் பக்கத்து இடம். இலவந்தோப்பும் கடலைக் காடும் உள்ள குடும்பம். சிரோமணி பெண்வீட்டைப் பற்றித் துப்பறிய இரண்டு சினேகிதர்களை மோட்டார் சைக்கிளில் அனுப்பிவிட்டு, செய்திக்காகப் போனைப் பார்த்தபடி டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். அதே பெஞ்சில், மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு, வெகு நேரமாக ஒரே டீயைக் குடித்துக்கொண்டிருந்த பெரியவர் பெண்ணின் பெரியப்பா என்பதை, மூன்று நட்சத்திரத்துக்கு அப்பால் அசையும் கப்பலைக் கண்டுபிடிக்கும் நம் கதாநாயகர் அறியவே இல்லை. அவரிடமே வள்ளிசாகத் தம் சாம்ராஜ்யங்கள் வீழ்ந்த கதையெல்லாம் சொல்லி முடித்திருந்தார்.

பெரியவர் ஊர் திரும்பிக் கொடுத்த அறிக்கை சுருக்கமானது: "பையன் யோக்கியன். குடி கிடையாது. ராத்திரி பூராவும் முழிச்சிருக்கான், எதுக்குன்னுதான் விளங்கல."

கடலைக் காட்டில் வாரம் தவறாமல் பன்றி இறங்கிக்கொண்டிருந்த பெண்ணின் தகப்பனார், அன்றைக்கே தட்டு மாற்ற நாள் பார்க்கச் சொன்னார்.