நான்காம் வழியாக வரவிருக்கும் பயணி: மலேசியக் குடிநுழைவுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தலைமை இயக்குநர் அவர்கள், மலேசியக் குடிநுழைவுத் துறை, புத்ராஜெயா.

பொருள்: கடல், தரை, வான் ஆகிய மூவழியும் அல்லாத வழியில், கடப்பிதழ் ஏதுமின்றி ஷா ஆலமுக்கு வந்து சேரவிருக்கும் பயணி ஒருவரைப் பற்றி முன்கூட்டியே தகவல் தெரிவித்தல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

மலேசியாவின் 1959/63ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டம், நாட்டுக்குள் நுழைதல் என்பதைக் கப்பலிலிருந்து இறங்குவது, விமான நிலைய எல்லையை விட்டு வெளியேறுவது, தரைவழிச் சோதனைச் சாவடியைக் கடப்பது என்று வகைப்படுத்திவிட்டு, குடிமகன் அல்லாத எவரும் செல்லத்தக்க அனுமதியின்றி நுழையக் கூடாது என்று 6ஆம் பிரிவில் தெளிவாக விதிக்கிறது. மீறுவோருக்கு 10,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, ஆறு வரை பிரம்படி என்று அச்சட்டம் தண்டனையையும் வரையறுத்திருக்கிறது. இவ்வளவு கவனமாக இயற்றப்பட்ட சட்டத்தில், மனிதகுலம் தொன்றுதொட்டுப் பயன்படுத்திவரும் நான்காவது நுழைவழி ஒன்று விடுபட்டிருப்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்டவே இம்மடல் எழுதப்படுகிறது. அவ்வழியே வருவோர் கைவிரல் ரேகை பதிக்க மறுப்பர். புகைப்படக் கருவியை நேராகப் பார்க்க மாட்டார்கள். வருகையின் நோக்கம் என்ன என்று கேட்டால் அழுவார்கள்.

பயணியின் பெற்றோர், ஷா ஆலமின் தொழிற்பேட்டை ஒன்றில் பொறியாளர் வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்த எந்தத் தம்பதியராகவும் இருக்கலாம். அவர்களுடைய பெயர் இங்கே தேவையில்லை; துறை அவர்களை அனுமதியின் வகையைக் கொண்டே அறியும். கணவரிடம் இருப்பது வேலை அனுமதி, அதாவது குறிப்பிட்ட நிறுவனத்தில் குறிப்பிட்ட பதவிக்கு மட்டும் செல்லும் உரிமை. மனைவியிடம் இருப்பது சார்ந்திருப்போர் அனுமதி, அதாவது அவர் கணவரோடு வாழலாம், சமைக்கலாம், வாயும் வயிறுமாக இருக்கலாம், ஆனால் தனி வேலை அனுமதி பெறாமல் ஊதியம் ஈட்டக் கூடாது என்ற ஏற்பாடு. பொறியியலில் முதுகலைப் பட்டம் பெற்று வந்த பெண்ணுக்கும் சார்ந்திருத்தலே தொழில் என்று ஒரு மின்னிலக்க ஆவணம் சான்றளிக்கிறது.

அவர்கள் குடியிருக்கும் ஊரின் கதையையும் துறை கருத்தில் கொள்ள வேண்டும். கோலாலம்பூர் 1974இல் கூட்டரசுப் பிரதேசமானபின், 1978 டிசம்பர் 7 அன்று சிலாங்கூரின் தலைநகராக அறிவிக்கப்பட்ட ஷா ஆலம், அதற்கு முன் சுங்கை ரெங்கம் என்ற பெயரில் ரப்பரும் செம்பனையும் விளைந்த தோட்டப்புறமாக இருந்தது. இன்று எண்ணிட்ட செக்‌ஷன்களாகக் கோடு போட்டுப் பிரிக்கப்பட்டிருக்கும் அந்த நிலத்தைச் சுற்றி, கங்காணிகள் திரட்டி வந்த தமிழர்கள் பால்மரம் வெட்டினார்கள், பிள்ளை பெற்றார்கள், அந்தப் பிள்ளைகளும் பால்மரம் வெட்டினார்கள். ஆகவே இவ்வட்டாரத்தில் தமிழ்க் குழந்தை பிறப்பது புதிய நிகழ்வு அன்று. அது பிறப்பதற்குள் நிரப்ப வேண்டிய படிவங்கள்தாம் புதியவை.

கருவுற்ற பெண்ணுக்கு இந்நாட்டின் சுகாதார அமைப்பு முதலில் தருவது ஓர் இளஞ்சிவப்புப் புத்தகம். எடை, இரத்த அழுத்தம், இரத்தச் சோகை அளவு, குழந்தையின் அசைவு எல்லாம் ஒவ்வொரு வருகையிலும் அதில் பதியப்படும். அதன் அட்டையில் வண்ண ஒட்டு ஒன்று இருக்கும்: ஆபத்து ஏதும் இல்லாதவருக்கு வெள்ளை, கிளினிக் மருத்துவரின் கவனிப்பு வேண்டுவோருக்குப் பச்சை, மருத்துவமனை நிபுணரிடம் காட்ட வேண்டியோருக்கு மஞ்சள், உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியோருக்குச் சிவப்பு. படிப்பறிவு குறைந்தவருக்கும் ஒரே பார்வையில் விளங்கும் இந்த முறை பாராட்டத்தக்கது. குடிநுழைவுத் துறையும் இதைக் கடன் வாங்கினால், வெளிநாட்டவர் தம் விண்ணப்பம் எந்த மேசையில் எந்த நிலையில் கிடக்கிறது என்பதை அறிய முடியும். தற்போதைய நிலையில் கருப்பையினுள் இருக்கும் குழந்தையின் நகர்வை ஸ்கேன் கருவியால் காண முடிகிறது. கோப்பின் நகர்வைக் காணும் கருவி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

அதே ஸ்கேன் அறையில் இத்தம்பதியருக்கு ஒரு வியப்பும் காத்திருக்கிறது. இந்தியாவில் 1994ஆம் ஆண்டுச் சட்டம் கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைக் குற்றமாக்கியிருப்பதால், சுவரெங்கும் எச்சரிக்கைப் பலகைகளைப் பார்த்துப் பழகிய அவர்களிடம், இங்குள்ள மருத்துவர் “ஆணா பெண்ணா, சொல்லட்டுமா?” என்று சாதாரணமாகக் கேட்கிறார். கணவர் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்க்கிறார். பயணியின் பாலினம் வருகைக்கு நான்கு மாதம் முன்பே தெரிந்துவிடுவதால், படிவத்தில் அந்த ஒரு கட்டத்தையாவது முன்னதாக நிரப்பி வைக்கலாம். 2024 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ள மின்னிலக்க வருகை அட்டையை, வருகைக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும் என்ற விதியை இப்பயணி பின்பற்ற வேண்டுமாயின், வருகைத் தேதியைத் துறைதான் அவரிடம் கேட்டுச் சொல்ல வேண்டும்.

தேதி என்றதும் தாயின் தாயைப் பற்றிய சிக்கல் எழுகிறது. பேறுகாலத் தேதி என்பது கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள்களைக் கூட்டிக் கணிக்கப்படுவது. அக்கணக்கின்படி அதே நாளில் பிறக்கும் குழந்தைகள் இருபதில் ஒன்று என்ற அளவிலேயே இருக்கின்றன. தலைப்பிரசவத்துக்கு மகள் தாய்வீடு செல்வது தமிழர் வழக்கம். அது முடியாதபோது தாய்வீடே ஒரு பெட்டியில் சுக்கு, பெருங்காயம், பூண்டு, பிரசவ லேகியம் சகிதம் விமானம் ஏறி வருகிறது. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் குடிமக்கள் 30 நாள் வரை விசாவின்றி வந்து தங்கலாம் என்ற சலுகை நன்றிக்குரியதே. ஆனால் அந்த 30 நாளை எங்கிருந்து எண்ணத் தொடங்குவது? இரண்டு வாரம் முன்னதாக வந்தால், குழந்தை பிறந்து பத்தியச் சோறு நாலு நாள் போடுவதற்குள் அம்மா திரும்ப வேண்டியிருக்கும். தேதியை நம்பி வந்தால், குழந்தை தேதியை நம்பாமல் முந்திவிடும்.

பேறுகாலக் கவனிப்பு சீன வழக்கில் 30 நாள், தமிழர் வழக்கில் 40 நாள், மலாய் வழக்கில் 44 நாள் என்பது கிள்ளான் பள்ளத்தாக்கில் குடியிருக்கும் எவரும் அறிந்ததே. துறை இம்மூன்றையும் ஆராய்ந்து சீனக் கணக்கை ஏற்றுக்கொண்டிருப்பதாகவே தோன்றுகிறது. தம்பதியரின் பெற்றோருக்கு நீண்டகாலச் சமூக வருகை அனுமதி என்ற வழியும் இருக்கிறது. அதற்கான ஆதாரங்களைத் திரட்டத் தொடங்குவோர், திருமணப் பொருத்தம் பார்க்கும் கட்டத்திலேயே தொடங்கிவிடுவது நலம்.

அம்மா வந்து சேரும் வரையில் அக்கம்பக்கம் அவ்விடத்தை நிரப்புகிறது. எதிர்வீட்டு மலாய் மாது, பிரசவத்துக்குப்பின் வயிற்றைச் சுற்றிக் கட்டும் பெங்கோங் துணியையும், இலையில் பொதிந்து ஒத்தடம் கொடுக்கும் சூடேற்றிய துங்கு கல்லையும் பற்றிப் பாடம் நடத்துகிறார். கீழ்த்தளத்துச் சீனப் பாட்டி இஞ்சியின் பெருமையைச் சைகையாலேயே விளக்குகிறார். தோட்டத்தில் பிறந்து தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதியில் வாழும் தமிழ்ப் பாட்டி, சாம்பிராணிப் புகையில் தலை காயவைக்கும் நேர்த்தியைச் சொல்லிவிட்டு, வளைகாப்புக்கு வளையல் வாங்கக் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் எதற்கு, கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவே போதும் என்று தீர்ப்பும் வழங்குகிறார். மூவரும் ஒத்துப்போகும் ஒரே விஷயம், கர்ப்பிணி அன்னாசிப்பழம் தின்னக் கூடாது என்பது. சாப்பாட்டு அளவில் அன்னாசியால் கருவுக்குத் தீங்கு நேரும் என்பதற்கு மருத்துவச் சான்று இல்லை. எனினும் தேசிய ஒற்றுமை இவ்வளவு எளிதாகக் கைகூடும் இடத்தில் மருத்துவம் குறுக்கிடாதிருப்பதே முறை.

வலி எடுத்த நாளில் தம்பதியர் கூட்டரசு நெடுஞ்சாலையை நாட வேண்டியிருக்கும். பத்து தீகா, சுங்கை ராசாவ் சுங்கச்சாவடிகள் 2018 ஜனவரி 1 அன்று நீக்கப்பட்டதால், மாலை ஐந்து மணி நெரிசலில் இப்போது கட்டணம் எதுவுமின்றி நிற்கலாம். தந்தைக்கு, 2023 ஜனவரி 1 அன்று நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்தின்படி, 12 மாதப் பணிக்காலம் நிறைந்திருந்து 30 நாள் முன்னறிவிப்பும் கொடுத்திருந்தால், தொடர்ச்சியாக ஏழு நாள் விடுப்பு கிடைக்கும். குழந்தை பிறந்த ஏழாம் நாள் அக்கீக்கா விருந்து வைக்கும் மலாய் அண்டைவீட்டாருக்கு அது அளந்து தைத்ததுபோல் பொருந்துகிறது. பதினோராம் நாளோ பதினாறாம் நாளோ தொட்டில் இடும் தமிழர், தொட்டிலுக்குத் தந்தையைத் தொழிற்சாலையிலிருந்து கூப்பிட்டுக்கொள்ள வேண்டும். அதே திருத்தம் வேலை பார்க்கும் தாய்மாரின் விடுப்பை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்த்தியது. சார்ந்திருப்பதையே தொழிலாகக் கொண்ட தாய்க்கு அதில் ஒரு நாளும் இல்லை.

இனிப் பயணி வந்தபின் நிகழ்வது. தீபகற்ப மலேசியாவில் 60 நாளுக்குள் தேசியப் பதிவுத் துறையில் பிறப்பைப் பதிய வேண்டும். பெற்றோர் இருவரும் வெளிநாட்டவர் என்பதால், இந்த மண்ணில் பிறந்தும் குழந்தை இந்நாட்டுக் குடிமகன் ஆகாது. இந்தியாவின் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமோ, வெளிநாட்டில் பிறந்த குழந்தையை ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதிய வேண்டும் என்றும், வேறு நாட்டுக் கடப்பிதழ் அதனிடம் இல்லை என்று பெற்றோர் உறுதிமொழி தர வேண்டும் என்றும் சொல்கிறது. பிறப்புச் சான்றிதழ் இருந்தால் பதிவு, பதிவு இருந்தால் கடப்பிதழ், கடப்பிதழ் இருந்தால் சார்ந்திருப்போர் அனுமதி என்று வரிசை அமைந்திருப்பதால், அது முடியும்வரை அந்தக் குழந்தை எந்த அனுமதியும் இல்லாத வெளிநாட்டவராகத் தூளியில் படுத்துக் கிடக்கிறது. தாயிடம் அனுமதி இருக்கிறது. அவள் மடியில் கிடக்கும் பிள்ளையிடம் இல்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்ற பழமொழியை இந்த அளவுக்கு நுணுக்கமாக நடைமுறைப்படுத்திய அரசுத் துறை உலகில் வேறு எங்கேனும் இருக்குமா என்பது ஆய்வுக்குரியது.

இதுவரை சொன்னவை எல்லாம் சிரித்துக்கொண்டே தாங்கக்கூடிய தொல்லைகள். அப்படித் தாங்க முடிவதற்குக் காரணம் தம்பதியரின் பொறுமை அன்று. அவர்கள் கையிலுள்ள அனுமதியின் வகை. அதே ஷா ஆலமில், அதே தொழிற்பேட்டையில் கையுறை அடுக்கும், மின்பொருள் பூட்டும் பெண்ணிடமும், கிள்ளான் உணவகத்தில் பரோட்டாவுக்கு மாவு பிசையும் ஆணிடமும் இருப்பது தற்காலிக வேலைக்கான வருகை அனுமதி. அதன் நிபந்தனைகளின்படி அவர்கள் குடும்பத்தைக் கூட்டிவரக் கூடாது. இங்கே மணம் புரியக் கூடாது. ஆண்டுக்கணக்கில் வேலை செய்யலாம், ஆனால் தம்பதியராக இருக்கக் கூடாது. 1997 முதல் நடைபெற்றுவரும் ஃபொமெமா என்ற வெளிநாட்டுத் தொழிலாளர் மருத்துவப் பரிசோதனையில், காசநோய், எச்.ஐ.வி. முதலிய நோய்களோடு கர்ப்பமும் சோதிக்கப்படுகிறது. கருவுற்றிருப்பது தெரிந்தால் அந்தப் பெண் தகுதியற்றவராகக் கருதப்பட்டு ஊருக்கு அனுப்பப்படுகிறார்.

இந்நாட்டின் வேலைச் சட்டம் 41ஏ பிரிவில், கருவுற்ற பெண்ணை, நடத்தைக் குற்றம், நிறுவனம் மூடப்படுதல் போன்ற காரணங்களுக்காக அன்றி, முதலாளி வேலையிலிருந்து நீக்குவது குற்றம் என்கிறது. ஆக, முதலாளி நீக்கினால் குற்றம். அனுமதியின் நிபந்தனை நாட்டைவிட்டே நீக்கினால் நடைமுறை. ஒரே நாடாளுமன்றத்துக்குப் பதில்சொல்லும் இரு துறைகள் ஒரே வயிற்றைப் பற்றி இப்படி எதிரெதிரான முடிவுக்கு வந்திருப்பதை, இளஞ்சிவப்புப் புத்தகத்தின் எந்த வண்ண ஒட்டாலும் குறிக்க இயலாது.

அன்று இதே நிலத்தில் தமிழரை வேலை வாங்கிய தோட்டத்துரைமார் மனிதநேயத்துக்குப் பேர்போனவர்கள் அல்லர். ஆயினும், கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்கச் சொன்னது. பால்மரம் வெட்டப் போன தாய்மார் கைப்பிள்ளையை விட்டுச் செல்ல ஆயாக்கொட்டகையும் தோட்டங்களில் இருந்தது. அப்பிள்ளைகள் நாளைய கூலிகள் என்ற கணக்கு அதன் பின்னே இருந்தது உண்மைதான். ஆனாலும் வேலைக்கு வந்தவருக்குப் பிள்ளை பிறக்கும் என்ற சாதாரண உண்மை அந்தக் கணக்குப் புத்தகத்துக்குத் தெரிந்திருந்தது. நூறாண்டு கழித்து வந்த கணினிக்கு அது தெரியவில்லை.

எனவே இம்மடல் மூன்று கோரிக்கைகளைச் சமர்ப்பிக்கிறது. முதலாவது, மகளின் பேறுகாலத்துக்கு வரும் தாய்க்கு, மருத்துவர் சான்றின் பேரில் மூன்று மாதம் தங்கும் எளிய அனுமதி ஒன்று வேண்டும். இரண்டாவது, அனுமதியோடு வாழும் பெற்றோருக்குப் பிறக்கும் குழந்தை, கடப்பிதழ் கைக்கு வரும்வரை தாயின் அனுமதியிலேயே அடங்கும் என்று ஒரு வரி எழுதப்பட வேண்டும். மூன்றாவது, கர்ப்பம் நோய்ப் பட்டியலிலிருந்தும் திருப்பி அனுப்பும் காரணங்களிலிருந்தும் நீக்கப்பட வேண்டும்.

முதல் இரண்டும் தள்ளுபடியானாலும் இத்தம்பதியர் எப்படியோ சமாளித்துக்கொள்வர். அவர்களுக்குச் சம்பளமும் சலுகையும் எதிர்வீட்டு மாதும் துணை இருக்கின்றன. மூன்றாவதற்குக் காத்திருப்பவர்களால் இப்படி ஒரு மடல்கூட எழுத முடியாது, ஏனெனில் கையெழுத்திட்டால் கர்ப்பம் தெரிந்துவிடும். ஆகவே தங்கள் துறை ஒன்றே ஒன்றுக்குத்தான் பதில் தரும் என்றால், அந்தப் பதில் மூன்றாவதற்கு வரட்டும்.

இங்ஙனம்,
செல்லத்தக்க அனுமதியோடு வாழும் பெற்றோர்