அம்பாசிடரின் மூச்சுக்குழாய்

எண்பதுகளின் கடைசியில் மதுரைப் பட்டறைகளுக்கு மாருதி 800 வரத் தொடங்கியபோது, பானெட்டைத் திறந்ததும் மெக்கானிக்குகளை உறுத்தியது அதிலிருந்த ரப்பர் குழாய்கள்தான். அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் பழகிய கைகள் அவை. “இத்தனை டியூப் எதுக்குப்பா?” என்பார்கள். அடுத்த நிமிடம் ஒன்றிரண்டைப் பிடுங்கி, மேனிஃபோல்டில் தெரிந்த ஓட்டையில் ஒரு போல்ட்டைச் சொருகி கிளிப் போட்டு இறுக்கிவிடுவார்கள். வண்டிக்காரரும் பிக்கப் கூடிவிட்டதாக நம்பிப் போவார். என் சித்தப்பாவின் பட்டறையில் பழைய டால்டா டின் ஒன்று நிறைய இப்படிக் கழற்றிய குழாய்களும் வால்வுகளும் கிடந்தன. பள்ளிக்கூட லீவு நாட்களில் நான் விளையாடியது அவற்றை வைத்துத்தான்.

இன்று அதே ஊரில் என் அம்பாசிடருக்கு அந்த மாதிரி ஒரு குழாயையும் வால்வையும் மாட்டச் சொல்லி நிற்கிறேன். கம்பெனியிலிருந்து வந்தபோது அந்த வண்டியில் அது இல்லை.

எந்த இன்ஜினிலும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே இறங்கும். புது இன்ஜினில் குறைவு, தேய்ந்ததில் அதிகம். எரியாத பெட்ரோல் ஆவியும் அமிலமும் நீராவியும் அதில் இருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது என்பதைப் பலர் நம்புவதில்லை. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். ரிங் வழியாக இறங்கியதை வெளியேற்றாவிட்டால் அது ஆயிலில்தான் சேரும். கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் மட்டுமே ஓடி, சரியாகச் சூடேறாத வண்டியின் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். உள்பக்கம் தயிர் ஏடு மாதிரி வெளுப்பாக ஒட்டியிருக்கும். அது ஆயிலும் தண்ணீரும் அடித்துக் கலந்தது.

அம்பாசிடரின் 1489 சிசி இன்ஜின் இங்கிலாந்தின் பி-சீரிஸ் வழி வந்தது. வால்வு கவரிலிருந்து ஒரு ரப்பர் குழாய் ஏர் கிளீனருக்குப் போகும். பக்கவாட்டில், டேப்பட் கவரிலிருந்து ஓர் இரும்புக் குழாய் தரையைப் பார்த்துத் தொங்கும். வண்டி ஓடும்போது அடியில் வீசும் காற்று அந்தக் குழாயின் வாயிலிருந்து புகையை இழுத்துக்கொண்டு போகும். திண்டுக்கல் ரோட்டில் ஒரே வேகத்தில் போன காலத்துக்கு இது போதும். கோரிப்பாளையத்திலும் சிம்மக்கல்லிலும் ஊர்ந்து ஊர்ந்து நிற்கும் வண்டியில் இழுக்கக் காற்று ஏது? புகை உள்ளேயே நின்று அழுத்தம் ஏறும். அந்த இன்ஜினில் கிராங்கின் பின்பக்கம் ரப்பர் சீல் கிடையாது. ஆயிலைத் திருப்பி உள்ளே தள்ளும் திருகு வரிதான் உண்டு. அழுத்தம் ஏறினால் ஆயில் அதையும் மீறிக் கிளட்ச் பக்கம் கசியும். அம்பாசிடர் நின்ற இடமென்று தரையைப் பார்த்தே சொல்வோமே, அந்தக் கறைக்கு இதுவும் ஒரு காரணம்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1961 மாடல் கார்களிலேயே இந்தப் புகையை வெளியே விடாமல் திரும்ப இன்ஜினுக்கே எரிக்கக் கொடுக்கும் வால்வு வந்துவிட்டது. இதே பி-சீரிஸ் குடும்பத்து 1800 சிசி இன்ஜினுக்கு, எம்ஜிபி காரில், 1964இல் கிடைத்தது. நம் அம்பாசிடர் தொங்கு குழாயோடு ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தான் அந்த வால்வு நம் மெக்கானிக்குகளுக்கு வேண்டாத சுமையாகத் தெரிந்தது. சித்தப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன். அதன் வேலையை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

சைலன்சர் வழியே போகும் புகையைச் சுத்தப்படுத்தும் கேடலிடிக் கன்வெர்ட்டரின் கதை இதைவிட வருத்தமானது. 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் விற்கும் புதுப் பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயமானது. ஈயம் இல்லாத பெட்ரோலும் அங்கேதான் முதலில் வந்தது. சென்னையில் வாங்கிய கார் மதுரைக்கு வந்தால் ஈயம் கலந்த பெட்ரோலைத்தான் குடிக்க வேண்டும். கன்வெர்ட்டருக்குள் இருக்கும் பிளாட்டினத்துக்கு ஈயம் விஷம். நாடு முழுக்க ஈயம் நின்றது 2000 பிப்ரவரியில். அதற்குள் எத்தனையோ கார்களின் கன்வெர்ட்டரைக் கழற்றி, உள்ளே இருந்த பீங்கான் கட்டியைக் கம்பியால் குத்தி உதிர்த்து, வெறும் டப்பாவாக மாட்டிவிட்டார்கள்.

இதெல்லாம் புகைச் சோதனையில் தெரியாது என்பதுதான் எனக்கு ஆறவில்லை. சைலன்சர் வாயில் குச்சியை விட்டு, ஸ்லோ ஸ்பீடில் ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். பழைய நாலு சக்கர வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடு வரம்பு மூன்று சதவீதம். மிக்சர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் உள்ளே திருகினால் தேறிவிடும். டேப்பட் கவரிலிருந்து ரோட்டில் கொட்டும் பெட்ரோல் ஆவி அந்த மெஷின் கண்ணில் படவே படாது. கட்டுப்பாடு ஏதும் இல்லாத ஒரு காரின் ஹைட்ரோகார்பன் மாசில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்த வழியாகத்தான் போகிறது.

என் வண்டியில் செய்த வேலை பெரிதல்ல. டேப்பட் கவர்க் குழாயை மேலே திருப்பி, ஆயில் துளிகளைப் பிரிக்கும் சின்ன டப்பா ஒன்றின் வழியாக வால்வுக்கும், அங்கிருந்து இன்லெட் மேனிஃபோல்டுக்கும் கொண்டுபோனோம். மேனிஃபோல்டில் துளை போட்டு மரை வெட்டினோம். பித்தளை நிப்பிளை லேத் பட்டறையில் கடைந்து வாங்கினோம். ஏர் கிளீனரிலிருந்து வால்வு கவருக்கு வரும் பழைய குழாயை அப்படியே விட்டோம். சுத்தமான காற்று உள்ளே வர அதுதான் வழி. ஸ்லோ ஸ்பீடில் மேனிஃபோல்டின் இழுப்பு பலமாக இருக்கும். அப்போது வால்வு தன் ஊசியை இழுத்துக்கொண்டு சின்ன வழி மட்டும் விடும். மிதித்து ஓட்டும்போது இழுப்பு குறைய, ஸ்பிரிங் தள்ளி வழி பெரிதாகும். கார்பரேட்டரைத் தாண்டிக் காற்று நுழைவதால் மிக்சரையும் ஸ்லோ ஸ்பீடையும் புதிதாக வைக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் இன்ஜின் குலுங்கும், பழி வால்வின் மேல் விழும்.

வேலையைச் செய்தவன் சித்தப்பா மகன். “அண்ணே, இதைப் பிடுங்கத்தான அப்பா சொல்லிக் குடுத்தாரு” என்றான், போல்ட்டை இறுக்கிக்கொண்டே. இப்போது ஆயில் சீக்கிரம் கறுப்பதில்லை, வண்டிக்குள் புகை நாற்றமும் இல்லை. கிளட்ச் பக்கக் கசிவு நின்றுவிடவில்லை, குறைந்திருக்கிறது.

இதைப் பார்த்துவிட்டு இன்னோர் அம்பாசிடர்க்காரர் தன் வண்டிக்கும் மாட்டச் சொன்னார். தம்பி முதலில் கம்ப்ரஷன் பார்த்தான். இரண்டு சிலிண்டரில் ரொம்பக் குறைவு. அந்த நிலையில் வால்வை மாட்டினால் இன்ஜின் தன் ஆயிலையே குடித்துப் பிளக்கைக் கரியாக்கும். முதலில் ரிங் வேலை, தேவைப்பட்டால் ரீபோர், அதற்கப்புறம்தான் குழாய் என்று சொல்லி அனுப்பியிருக்கிறான்.