நான் தொழிலாளி இல்லை

1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் 18-ஆவது பிரிவுப்படி நான் தொழிலாளி இல்லை. பயிற்சி பெறுபவன், அவ்வளவுதான். நாடாளுமன்றம் கூடிப் பேசி, கெஜட்டில் போட்டுச் சொன்ன இந்த உண்மையை எங்கள் அம்மா எந்தச் சட்டமும் படிக்காமலே கண்டுபிடித்துவிட்டாள். பக்கத்து வீட்டில் யாராவது விசாரித்தால், "காலையில போறான், ராத்திரி வாரான். என்ன வேலைலன்னு கேட்டா கம்ப்யூட்டர்ல பொத்தான் வைக்கேங்கான்" என்பாள்.

அந்தப் பொத்தானை உங்களுக்கும் தெரியும். அதன் பெயர் 'நெக்ஸ்ட்'. நீங்கள் வங்கியிலோ இன்ஷூரன்ஸிலோ ஐ.டி.யிலோ இருந்தால் வருஷத்துக்கு ஒருமுறை 'கட்டாயப் பயிற்சி' என்று ஏதாவது வந்தே தீரும். தீ விபத்து, பாஸ்வேர்டு ரகசியம், பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் வருஷச் சட்டம் என்று தலைப்பு மாறும். நீங்கள் மாறமாட்டீர்கள். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, இன்னொரு பக்கம் கிரிக்கெட் ஸ்கோரைத் திறந்துவைத்துக்கொண்டு, வலது கீழ்மூலையில் நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட். தன் பயிற்சியை முடித்துக் கொடுக்க வாட்ச்மேனை நாற்காலியில் உட்காரவைத்த ஒரு மேனேஜரையும் எனக்குத் தெரியும். அந்த வாட்ச்மேனுக்கு இப்போது தகவல் பாதுகாப்பு அத்துப்படி.

அந்தப் பாடங்களை மனிதர்கள் உட்கார்ந்து செய்கிறார்கள் என்று யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. நாங்கள்தான் செய்கிறோம். தொழிலுக்கு 'டிஜிட்டல் லேர்னிங் டிசைன்' என்று பெயர். 2014-இல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் லேத்தும் வெல்டிங்கும் இல்லாத இதுமாதிரி வேலைகளுக்கும், இன்ஜினீயரிங் படிக்காத என்னைப்போன்ற பி.எஸ்ஸி.க்களுக்கும் அப்ரண்டிஸ் வாசல் திறந்தது. 2019 விதிப்படி பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் உதவித்தொகை. அதில் 1,500 வரை அரசாங்கம் கொடுக்கும். ஆக, என்னில் ஆறில் ஒரு பங்கு மத்திய சர்க்கார் உத்தியோகம். அம்மா பெண் பார்க்கும் இடங்களில் இந்தப் பங்கைத்தான் எடுத்துச் சொல்கிறாள்.

நான் இருப்பது மும்பையில், டிராம்பே, சீத்தா கேம்ப். இந்த வட்டாரத்தில் பயிற்சி என்பது விளையாட்டுக் காரியம் இல்லை. 1956 ஆகஸ்ட் 4-ஆம் தேதி ஆசியாவின் முதல் அணு உலையான அப்சரா இங்கேதான் உயிர்பெற்றது. உலை வந்துவிட்டது, பார்த்துக்கொள்ள ஆள் எங்கே என்று ஹோமி பாபா மறுவருஷமே ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். நாடெங்கிலுமிருந்து பொறுக்கியெடுத்த பிள்ளைகளை ஒரு வருஷம் உட்காரவைத்துப் பிழிந்துதான் விஞ்ஞானி என்று வெளியே விடுவார்கள். பள்ளிக்கூட அறிவியலை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று ஆராய்வதற்கென்றே 1974-இல் தொடங்கிய மையம் பக்கத்து மான்குர்டில் இருக்கிறது. கொஞ்சம் தள்ளி தேவனாரில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம். அமெரிக்க எம்.ஐ.டி.யோடு கைகோத்து நாலு மாநில அரசுப் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர்வழிப் பாடம் செய்யும் திட்டத்தை அவர்கள் 2015-இல் தொடங்கினார்கள். இத்தனை படிப்புக்கும் நடுவில் நாங்கள்.

எங்களை இங்கே கொண்டுவந்து போட்ட கதையும் அப்சரா இருக்கும் அணுமையத்தை ஒட்டியதுதான். அதன் பக்கத்திலிருந்த ஜனதா காலனியை 1976-இல், எமர்ஜென்சியின்போது, காலி செய்து எல்லாரையும் இந்தச் சேற்றுக்கு அனுப்பினார்கள். அதை எதிர்த்து நின்றவர் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர், தச்சுவேலைக்காரர், பின்னால் 2000-இல் மகசேசே விருது வாங்கியவர். ஜனதா காலனியில் முனிசிபாலிட்டி குப்பை அள்ள வராதபோது அவர் மனு எழுதிக்கொண்டிருக்கவில்லை. பிள்ளைகளை 'பிக்னிக்' என்று கூட்டி, ஆளுக்கொரு பொட்டலம் குப்பையைத் தூக்கவைத்து, முனிசிபாலிட்டி அலுவலக வாசலில் கொட்டவைத்தார். எங்கள் தொழிலில் இதை 'ஆக்டிவிட்டி பேஸ்டு லேர்னிங்' என்போம். அந்தப் பாடத்தில் நெக்ஸ்ட் பொத்தான் இருந்ததாகத் தகவல் இல்லை.

எங்கள் ஆபீஸ் வாஷியில். மான்குர்டில் ரயிலேறி, கழிமுகத்துப் பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். எனக்கு வேலை கற்றுக்கொடுப்பவர் மாட்டுங்காவிலிருந்து வரும் ஒரு மாமி. நேரில் 'மேடம்'. ஸ்கூலில் கெமிஸ்ட்ரி டீச்சராக இருந்து ரிடையரானவர். கம்ப்யூட்டர் நிறுவனத்தில் சிவப்புப் பேனா வைத்திருக்கும் ஒரே ஆள். நான் எழுதும் ஸ்டோரிபோர்டை, அதாவது திரையில் என்ன எழுத்து, என்ன குரல், என்ன படம் என்று கட்டம்போட்டு எழுதும் தாளை, பிரிண்ட் எடுத்துத்தான் திருத்துவார். "பாடத்தின் முடிவில் தீயணைக்கும் கருவியைப் பற்றிப் புரிந்துகொள்வீர்கள்" என்று எழுதியிருந்தேன். ஒரே கோடு. "புரிஞ்சுண்டான்னு எப்படிடா உனக்குத் தெரியும்? உள்ளே போய்ப் பார்த்தியோ? எடுத்துக் காட்டுவான், இயக்கிக் காட்டுவான்னு எழுது." இது கல்வியாளர் பெஞ்சமின் ப்ளூம் 1956-இல் போட்ட பட்டியலை ஒட்டி வந்த வழி என்று பிறகு தெரிந்தது. இங்கே அப்சரா ஓடத் தொடங்கிய அதே வருஷம். உலைகூட ஓய்வுபெற்றுப் புதுப்பித்து வந்துவிட்டது. ப்ளூம் இன்னும் டூட்டியில் இருக்கிறார்.

இந்தத் தொழிலில் பெரியவர்கள் எல்லாருமே பழையவர்கள். 'அடி' என்று ஒரு முறை இருக்கிறது: அலசல், வடிவமைப்பு, தயாரிப்பு, செயல்படுத்தல், மதிப்பீடு என்ற ஐந்து படிகளின் ஆங்கில முதலெழுத்து. அது 1975-இல் அமெரிக்க ராணுவத்துக்காக ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் ஒன்றில் உருவானது. கிளையண்டுகளிடம் வேலை பார்க்கும்போது ராணுவத்துக்கு ஏன் இது தேவைப்பட்டது என்று புரியும். ஐந்தில் முதல் படியையும் கடைசிப் படியையும் அவர்கள் வேண்டாம் என்பார்கள். நடுவிலுள்ளதை நாளைக்கே கேட்பார்கள்.

பாடம் முடிந்ததும் அதை 'ஸ்கார்ம்' என்ற பொட்டலத்தில் கட்டி அனுப்ப வேண்டும். நீங்கள் பாடத்தைப் பார்த்தீர்களா என்று உங்கள் ஆபீஸுக்குக் கோள்சொல்வது இதுதான். பழைய 1.2 பதிப்பு இன்னும் ஊரெங்கும் ஓடுகிறது. அதன் கண்ணில் மனிதனுக்கு ஆறே நிலைகள்: தேறினான், முடித்தான், தோற்றான், முடிக்கவில்லை, மேலோட்டமாகப் பார்த்தான், தொடவே இல்லை. ஒரு மனிதன் எந்த இடத்தில் விட்டான், எதற்கு என்ன பதில் சொன்னான் என்பதை எல்லாம் 4,096 எழுத்துக்குள் அடக்க வேண்டும். எங்கள் அம்மா ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்வந்து சொல்வதற்கே அது காணாது.

தீயணைப்புப் பாடம் ஒரு மாதிரி வடிவத்துக்கு வந்ததும், "உனக்குத் தெரிஞ்ச, விஷயம் தெரியாத யார்கிட்டயாவது காட்டிண்டு வா" என்றார் மாமி. பவாயில் ஐ.ஐ.டி. பம்பாயின் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டத்திலும் இப்படித்தான். பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தொடங்கியது அது. சுமார் பத்து நிமிஷப் பாடங்கள், தமிழ்க் குரலிலும் உண்டு. நிபுணர் பார்த்தால் மட்டும் போதாது, விஷயம் தெரியாத ஒருவரும் பார்த்துச் சரி சொன்னால்தான் அங்கே பாடம் வெளியே போகும். எனக்குக் கிடைத்த விஷயம் தெரியாதவர், பெரியப்பா.

பெரியப்பா ஐ.டி.ஐ. ஃபிட்டர். டிராம்பே தொழிற்சாலை ஒன்றில் அப்ரண்டிஸாக நுழைந்து அங்கேயே தலை நரைத்தவர். அவருடைய பயிற்சி ஒரு இரும்புத் துண்டில் ஆரம்பித்தது. அதை வைஸில் கடிக்கவைத்து அரத்தால் ராவ வேண்டும். மூலைமட்டத்தை மேலே வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இடையில் ஒளி கசியக்கூடாது. கசிந்தால் மேஸ்திரி ஒன்றும் சொல்லமாட்டார். துண்டைத் திரும்ப வைஸில் மாட்டிவிட்டுப் போய்விடுவார். உள்ளங்கை கொப்புளித்து, காய்ப்பு ஏறி, ஒருநாள் ஒளி நின்றது. அன்றைக்கும் மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த துண்டைக் கொடுத்தார். யோசித்தால் அதுதான் நெக்ஸ்ட்.

லேப்டாப்பை அவர் முன்னால் வைத்தேன். திரையில் சிவப்பு சிலிண்டர். பின்னை மவுஸால் இழுக்க வேண்டும், குழாயை நெருப்பின் அடியைப் பார்த்துத் திருப்ப வேண்டும், பிடியை அழுத்த வேண்டும், இடமும் வலமும் வீச வேண்டும். கிளையண்டுக்கு இந்தக் காட்சி உயிர். பெரியப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"எடை என்னல?"

"எதுக்கு எடை பெரியப்பா? இது படம்."

"ஆறு கிலோ பவுடர். சிலிண்டரோட சேத்துத் தூக்கினா ஒம்பது பத்து கிலோ வரும். உங்க ஆபீஸ் பிள்ளைங்க ஒத்தக் கையில தூக்குதாவளே."

பிடியை அழுத்தினார். வெள்ளைப் புகை வந்தது. அழுத்திக்கொண்டே இருந்தார். வந்துகொண்டே இருந்தது.

"இது எப்பல தீரும்?"

"தீராது. நெருப்பு அணையிற வரைக்கும் வரும்."

"நெசத்துல பத்துப் பதினஞ்சு செகண்டு. அதுக்குள்ள முடிக்கலன்னா வெறுஞ் சிலிண்டரைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கணும். சரி, காத்து எந்தப் பக்கம் அடிக்கி?"

பாடத்தில் காற்று இல்லை. கிளையண்டு அனுப்பிய பன்னிரண்டு பக்கத்தில் அவர்கள் சட்டப்பிரிவு எழுதிய பொறுப்புத்துறப்பு இரண்டு பக்கம் இருந்தது. காற்று ஒரு வரிகூட இல்லை.

"காத்து முதுகுப் பக்கம் இருக்கணும்ல. எதுத்தாப்ல நின்னா பவுடரும் புகையும் ஒம் மூஞ்சியிலதான். வெளிய போற வாசலும் முதுகுக்குப் பின்னால இருக்கணும், ஓடுததுக்கு."

கடைசியில் ஐந்து கேள்விகள் வந்தன. பெரியப்பா இரண்டுக்குத்தான் சரியான பதில் சொன்னார். ஒரு கேள்வி, கருவியின் பராமரிப்புப் பதிவேட்டில் கையெழுத்திடும் அதிகாரியின் பதவிப்பெயர் என்ன என்பது. ஸ்கார்ம் கணக்குப்படி டிராம்பே தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்குமேல் இருந்து, நிஜ நெருப்பை நேரில் அணைத்த மனிதர் தோற்றார்.

மறுநாள் எல்லாவற்றையும் மாமியிடம் சொன்னேன். சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி, எடை, நேரம், காற்று, வாசல் என்று நாலு இடத்தில் எழுதினார். "விஷயம் தெரியாதவாகிட்ட காட்டுன்னு சொன்னா, நிபுணரைப் பிடிச்சுண்டு வந்திருக்கே" என்றார். கேள்வித்தாளில் அந்தப் பதவிப்பெயரையும் அடித்தார். கிளையண்டு நாலையும் ஒப்புக்கொண்டு, பதவிப்பெயரை மட்டும் திரும்பச் சேர்க்கச் சொன்னார். அந்தப் பதவி அவருடையது.

எங்கள் ஆபீஸிலும் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு 'பாடம் தயாரிப்பது எப்படி' என்று ஒரு ஆன்லைன் பாடம் இருக்கிறது. அழகான பாடம். குரல் இருக்கிறது, இழுத்துப்போடும் விளையாட்டு இருக்கிறது, கடைசியில் சான்றிதழும் இருக்கிறது. அதைப் பார்த்து வேலை கற்றுக்கொண்டவர் என்று அந்த மாடியில் ஒருவரும் இல்லை. எல்லாரும் யாராவது ஒருவர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, "இங்க பாரு" என்று சொல்லித்தான் கற்றிருக்கிறார்கள். பக்கத்தில் ஆளே தேவையில்லாமல் கற்றுக்கொடுப்பது எப்படி என்பதையும் எனக்கு மாமி பக்கத்தில் உட்கார்ந்துதான் சொல்லிக்கொடுக்கிறார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நெருப்பைக் கொளுத்தி நாற்பது பேரை வரிசையில் நிறுத்தி அணைக்கச் சொல்ல எல்லா ஆபீஸாலும் முடியாது. ஒன்றுமே இல்லாததற்கு எங்கள் சிவப்பு சிலிண்டர் தேவலை. அதோடு நின்றுவிட்டால்தான் வம்பு.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். தீயணைப்புப் பாடம் உங்களுக்கும் வந்து சேர்ந்தால், ஒரு இடத்தில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கேட்கும். பத்து விநாடிக்கு அங்கே நெக்ஸ்ட் பொத்தான் கண்ணில் படாது. கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு என்று ஹெல்ப்டெஸ்க்குக்குப் போன் போடாதீர்கள், நான்தான் மறைத்துவைத்திருக்கிறேன். அந்தப் பத்து விநாடியில் எழுந்துபோய், உங்கள் மாடியில் நிஜ சிலிண்டர் எங்கே தொங்குகிறது என்று பார்த்து, ஒருமுறை தூக்கியும் பார்த்துவிடுங்கள்.