அப்பாவுக்கு முன்னால் ஒரு கோடு

கணினி வரலாற்றின் மைல்கற்கள் என்று என் மருமகன் நேற்று வாட்சாப்பில் ஒரு பட்டியல் அனுப்பினான். 1946-இல் எனியாக், 1969-இல் அர்பாநெட், 1989-இல் டிம் பெர்னர்ஸ்-லீ வலைக்குப் போட்ட பிள்ளையார் சுழி என்று நீண்டது. பேராக் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத பட்டியல். நாம் மட்டும் சும்மாவா இருந்தோம்? 1966-இல் தேசிய மின்சார வாரியம் ஐபிஎம் 1401 வாங்கி வைத்தது. மலேசியாவின் முதல் கணினி என்று அதைத்தான் சொல்வார்கள். சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்து லயத்தில் அப்போது மண்ணெண்ணெய் விளக்கு. மின்சாரம் வருவதற்கு முன்பே மின்சார வாரியத்துக்குக் கணினி வந்துவிட்டது.

என் கணக்கில் மிகப் பெரிய மைல்கல் இவை எதுவும் இல்லை. அது என்ன என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் இணையத்தில் நிரப்ப வேண்டிய ஒரு படிவம் குறுக்கே வந்தது.

பெயர்க் கட்டத்துக்கு மேலே 'ஐசியில் உள்ளபடி' என்று போட்டிருந்தது. உள்ளபடியே தட்டினேன். உடனே சிவப்பில், 'சிறப்புக் குறிகளுக்கு அனுமதி இல்லை.' ஐசியை, அதாவது அடையாள அட்டையை, எடுத்துப் பார்த்தேன். என் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் ஏ, சாய்கோடு, எல்: மலாயில் 'அனாக் லெலாக்கி', இன்னாரின் மகன் என்பதன் சுருக்கம். 2001-இல் சில்லு வைத்து, பெருமை பேசிக் கையில் கொடுத்த மைகாட் அது. எண்ணுக்கு நடுவில் 08 போட்ட அசல் பேராக்காரன் நான். அந்தக் கோட்டை நானாகக் கிழிக்கவில்லை ஐயா, அரசாங்கம் அச்சடித்துக் கொடுத்தது.

உங்களுக்கு இதெல்லாம் பழகியிருக்கும். கோட்டைத் தூக்கிவிட்டு 'ஏஎல்' என்று ஒட்டவைத்து அடுத்த கட்டத்துக்குப் போகிறவர்கள்தானே நாமெல்லாம். நேற்று எனக்கு மனம் வரவில்லை. ஓய்வு பெற்றவனுக்குக் கோபப்பட நேரம் தாராளம்.

கோடு என்ன நேற்றா முளைத்தது? அந்த 1401 காலத்து 80 நிரல் துளையட்டையில் 0 வரிசையில் ஒரு துளை, 1 வரிசையில் ஒரு துளை போட்டால் இதே கோடுதான். 1966-இல் மின்சார வாரியத்துக் கணினிக்குப் புரிந்திருக்கிறது. 1963-இல் ஆஸ்கி அட்டவணை வந்தபோது 47 என்று எண் கொடுத்து உட்கார வைத்தார்கள். 1981-இல் டாஸ் வந்தது. கட்டளைக்குப் பின்னால் விருப்பம் சொல்ல இந்தக் கோடுதான். 1983-இல் அதற்குக் கோப்புறைகள் வந்தபோது பாதை எழுதவும் கோடு தேவைப்பட்டது. இருக்கிற கோடு வேலையில் மாட்டிக்கொண்டதால் அதையே எதிர்ப்பக்கம் சாய்த்து இன்னொன்று எடுத்துக்கொண்டார்கள். அத்தனை கிராக்கி! வலைமுகவரியில் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டார் பெர்னர்ஸ்-லீ. 2009-இல் அவரே, அந்த இரண்டும் உண்மையில் தேவைப்பட்டிருக்காது என்று சொல்லிவிட்டார். தேவையே இல்லாத இரண்டு கோட்டை உலகமே தட்டோ தட்டென்று தட்டியிருக்கிறது. எங்கப்பாவுக்கு ஒன்றே ஒன்று கேட்டால் சிவப்பு எழுத்து.

வெட்டினால் சும்மா போகிறதா? ஒரு கிளினிக்கில் என்னை 'மிஸ்டர் எல்' என்று கூப்பிட்டார்கள். 'இன்னாரின் மகள்' என்று ஏ, கோடு, பி போடும் என் மனைவி 'புவான் ஏபி'. ஒரு கடிதத்தில் கோடு இருந்த இடத்தில் %2எஃப் என்று இருந்தது. 47-க்குக் கணினி வைத்த மாறுவேடமாம் அது. 'பின்' போடும் மலாய்க்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. சீனருக்கும் இல்லை. தமிழ் எழுத்து 247-ஐயும் கணினிக்குள் குடியேற்றிய முத்து நெடுமாறன் இந்த நாட்டுக்காரர்தான். உயிர்மெய்யெல்லாம் உள்ளே போய் உட்கார்ந்தாயிற்று, ஒரு கோடு மட்டும் வாசலில் நிற்கிறது.

இதில் எனக்கு இன்னொரு எரிச்சல். தோட்டத்தில் யார் யாரோ எழுதிக் கொடுத்து, பிறப்புப் பத்திரத்தில் எனக்கு ஒரு ராமசாமி, தம்பிக்கு வேறொரு ராமசாமி. அப்பா ஒருவர்தான், ஸ்பெல்லிங் இரண்டு. இருவருக்கும் பிசகாமல் வந்தது அந்தக் கோடு மட்டுமே. அதைத்தான் இப்போது எடுக்கச் சொல்கிறார்கள்.

மருமகனுக்கு பாயான் லெப்பாஸில் மென்பொருள் வேலை. போன் போட்டேன்.

"அது பாதுகாப்புக்கு மாமா. அந்த மாதிரி குறியை விட்டா யாராவது உள்ள பூந்துருவாங்க."

எங்கப்பா பக்கத்து லயத்துக்குள்கூடக் கேட்காமல் நுழைந்ததில்லை. அதை அவனிடம் சொன்னேன்.

"எடுத்துட்டுப் போடுங்க லா மாமா, ஒன்னும் ஆவாது."

இந்த நாட்டு இந்தியர்கள் ஏறத்தாழ 20 இலட்சம் பேர். அதில் பெரும்பாலோர் ஐசியில் இந்தக் கோடு உண்டு. ஒரு குறியை அனுமதித்துச் சோதிக்கச் சோம்பல்பட்டு, அத்தனை பேரையும் பெயரைத் திருத்திக்கொள்ளச் சொல்வதற்குப் பெயர் பாதுகாப்பு. அந்த மென்பொருளை எழுதுகிறவன் நம் வீட்டுப் பையனாகவும் இருக்கிறான், அதுதான் வயிற்றெரிச்சல்.

கோட்டை எடுத்தேன். கடவுச்சொல் கட்டம் வந்தது. இங்கே சட்டம் தலைகீழ்: சிறப்புக் குறி ஒன்றாவது கட்டாயம் வேண்டுமாம். பெயரில் இடமில்லாவிட்டால் இங்காவது இருக்கட்டும் என்று ஏ, கோடு, எல், அப்பா பெயர், நான் பிறந்த வருஷம் எல்லாவற்றையும் சேர்த்துத் தட்டினேன். கோட்டைப் பற்றி ஒரு முணுமுணுப்பும் இல்லை. 'வலுவானது' என்று பச்சையில் பாராட்டுகூடக் கிடைத்தது. பொத்தானை அழுத்தினால் மறுபடியும் சிவப்பு: 'கடவுச்சொல்லில் உங்கள் பெயரின் எந்தப் பகுதியும் இருக்கக் கூடாது.'

இப்போது மட்டும் அதற்குத் தெரிகிறது, அவர் என் பெயரில் ஒரு பகுதி என்று.