ஒரு மணி நேர நோட்டீஸ்

ஸ்கேல் ஒன்றை எடுங்கள். மேப்பில் பெங்களூருவில் ஒரு முனை, யாழ்ப்பாணத்தில் மறுமுனை வைத்துக் கோடு இழுங்கள். கோடு முதலில் ஓசூர் தலைக்கு மேலே ஏறும். பிறகு வலது கைப்பக்கம் தேன்கனிக்கோட்டை, இடது கைப்பக்கம் ராயக்கோட்டை. அப்புறம் ஆத்தூர், தஞ்சாவூர், முத்துப்பேட்டை, கடல். மொத்தம் சுமார் 450 கிலோமீட்டர். அதில் முக்கால்வாசி தமிழ்நாடு. 1987 ஜூன் 4-ம் தேதி சாயங்காலம் இந்திய விமானப்படை பெங்களூருவிலிருந்து கிளம்பிப்போய், கேட்காமல் கொள்ளாமல் இன்னொரு நாட்டின் வானத்துக்குள் நுழைந்தது. ‘ஆபரேஷன் பூமாலை’ என்று பெயர். உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியான அந்த அத்துமீறலில், ஸ்கேல் கணக்குப்படி, பெரும்பங்கு நேரம் மிரண்டிருக்கக்கூடியவை நம்மூர் ஆடுமாடுகள்தான்!

விஷயம் முந்தின நாளே ஆரம்பித்துவிட்டது. வடமராட்சியில் இலங்கை ராணுவத்தின் தாக்குதல், ஜனவரியிலிருந்து எரிபொருள் தடை, யாழ்ப்பாணத்தில் ஜனங்கள் நிஜமாகவே தவித்துக்கொண்டிருந்தார்கள். அதில் சிரிக்க ஒன்றுமில்லை. சிரிப்பெல்லாம் அவர்களுக்கு உதவப் புறப்பட்டவர்களிடமும், உதவியைத் தடுக்கப் புறப்பட்டவர்களிடமும்தான். ஜூன் 3-ம் தேதி ராமேஸ்வரத்திலிருந்து சற்றேறக்குறைய இருபது மீன்பிடிப் படகுகள், ஏறக்குறைய 40 டன் நிவாரணப் பொருள், போதாததற்கு ஒரு பத்திரிகையாளர் பட்டாளம். நடுக்கடலில் இலங்கைக் கடற்படை வழிமறித்தது. மணிக்கணக்கில் பேச்சு. கடைசியில் அரிசி மூட்டையும் ஆண்டெனாவுமாகப் படகுகள் கிளம்பின, ராமேஸ்வரத்தைப் பார்த்து.

டெல்லிக்கு வந்ததே ரோஷம்! இந்தப் பக்கம் ராஜீவ் காந்தி, வயது 42. அந்தப் பக்கம் இலங்கை ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தன, வயது 80. அரசியலில் தாத்தா கரைகண்டவர். எந்தக் கதவை யார் தட்டினாலும் எப்படித் திறக்காமல் இருப்பது என்பதில் பி.எச்டி. செய்தவர். ஆனால் எதிராளியின் பயோடேட்டாவில் ஒரு வரியை அவர் சரியாகப் படிக்கவில்லை போலிருக்கிறது. முன்னாள் வேலை: இந்தியன் ஏர்லைன்ஸ் பைலட். கடல் வழியை அடைத்தால் பைலட் எந்த வழியாக யோசிப்பார்?

மறுநாள் மாலை மூன்று மணிவாக்கில் டெல்லியில் இலங்கை ஹைகமிஷனர் பெர்னார்ட் திலகரத்னவுக்கு அழைப்பு வந்தது. வெளியுறவுத் துறை இணையமைச்சர் நட்வர் சிங் பக்குவமாக விஷயத்தைச் சொன்னார். நாலு மணிக்கு எங்கள் விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவுப் பொருள் போடக் கிளம்புகின்றன. கூடவே போர் விமானங்களும் வரும். குறுக்கே வந்தால் பதிலடி கிடைக்கும். அவ்வளவுதான் சேதி. அனுமதி கேட்ட மாதிரியும் ஆயிற்று, கேட்காத மாதிரியும் ஆயிற்று. தேன்கனிக்கோட்டைக்காரர்களுக்கு எல்லை தாண்டும் விருந்தாளிகள் புதிதல்ல. பன்னேர்கட்டா காட்டிலிருந்து வருஷா வருஷம் யானைக் கூட்டம் ஜவளகிரி வழியாக ராகி அறுவடைக்கு ஆஜராகும். பட்டாசு கொளுத்தி விரட்டினாலும் அடுத்த வருஷம் வரும். எந்த யானையும் ஃபாரஸ்ட் ஆபீஸுக்கு முன்கூட்டித் தகவல் சொன்னதில்லை. அந்த வகையில் டெல்லி ஒரு மணி நேரம் கூடுதல் நாகரிகம்.

சரி, இலங்கை விமானப்படை இதை எதைக்கொண்டு மறித்திருக்கும்? இங்கேதான் சுவாரஸ்யம். 1971-ல் இலங்கையில் நடந்த கிளர்ச்சியின்போது சோவியத் யூனியன் கொடுத்த மிக்-17 விமானங்கள் சில இருந்தன. இருந்தன என்றால், இறந்தகாலத்தில் இருந்தன. 1987-ல் கையிருப்பு மார்கெட்டி எஸ்.எஃப்.260 என்ற இத்தாலிய விமானம். பயிற்சிக்காகச் செய்த, மூக்கில் ஒற்றை விசிறி சுற்றுகிற குட்டி விமானம். மணிக்கு நானூறு கிலோமீட்டரைத் தொட்டுக் கொஞ்சம் தாண்டும். எதிரே வருவது மிராஜ் 2000. பிரான்சிலிருந்து வந்து இரண்டே வருஷம் ஆன புத்தம்புது சரக்கு, ஒலியைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வேகம், இறக்கையில் ஏவுகணை. மார்கெட்டி மிராஜைத் துரத்திப் பிடிக்க ஒரே வழிதான் உண்டு. மிராஜ் தரையில் நிற்க வேண்டும்.

அப்புறம் அவ்ரோ. பயணிகள் ஏறும் விமானம். ஜெட் பாம்பர் இல்லாத குறையைத் தீர்க்க இலங்கை அதிலிருந்தே குண்டு போட்டுக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கும். விதியின் குசும்பைப் பாருங்கள், ராஜீவ் இந்தியன் ஏர்லைன்ஸில் ஓட்டியதும் இதே அவ்ரோதான். எதிரிப் படையின் ‘பாம்பரை’, டீ காபி பரிமாறிக்கொண்டே ஓட்டிப் பழகிய பிரதமர் உலகத்தில் வேறு யாராவது உண்டா?

ஆக, வானத்தில் எதிரியே இல்லை. அப்படியானால் ஐந்து ஆன்டனோவ்-32 சரக்கு விமானத்துக்குக் காவலாக நாலைந்து மிராஜ் எதற்கு? ஒரு காரணம், போர் என்றால் எச்சரிக்கை வேண்டும். நியாயம். இன்னொரு காரணம் விமானத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. உள்நாடு, வெளிநாடு என்று 35 பத்திரிகையாளர்கள்! அந்நிய நாட்டு எல்லையை மீறப் போகும் படை ரேடாருக்குப் பயந்து தாழப் பறக்கும் என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம்? இது நிருபர்களுக்கு ஜன்னல் சீட் ஒதுக்கிய படையெடுப்பு. இன்றைக்கு நடந்திருந்தால் திருச்சியைத் தாண்டுவதற்குள் ரீல்ஸ் வந்திருக்கும்.

அப்படிப் போய்ப் போட்டது எவ்வளவு? 25 டன். கேட்கக் கனமாக இருக்கிறது. யாழ்ப்பாண மாவட்டத்தில் அப்போது ஏழெட்டு லட்சம் பேர். வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு முப்பது கிராம் சொச்சம். அரிசி என்று வைத்துக்கொண்டால், வடித்தால் நாலு கவளம். முந்தின நாள் கடலிலேயே திருப்பி அனுப்பிய படகுகளில் இதைவிட அதிகம் இருந்தது. ஜெயவர்த்தன அந்த மீன்பிடிப் படகுகளுக்கு மட்டும் வழிவிட்டிருந்தால், கூடுதல் அரிசியும் வந்திருக்கும், மிராஜும் வந்திருக்காது. கௌரவம் அரிசியைவிட எடை அதிகம் என்று அன்றைக்குக் கொழும்பு நினைத்தது. டெல்லியும் அதையேதான் நினைத்தது; பாராசூட்டில் இறங்கியதும் பெரும்பாலும் கௌரவமே. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அண்ணாந்து பார்த்த ஜனங்கள் எடை போட்டுப் பார்க்கவில்லை. வடமராட்சித் தாக்குதலும் அதோடு நின்றது.

போர் ஜெட்டே இல்லாத நாடு மறிக்கவில்லை என்று கொழும்பைக் கேலி செய்பவர்கள் ஒரு வாரம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். மே 28-ம் தேதி மத்தியாஸ் ரஸ்ட் என்ற 18 வயது ஜெர்மன் பையன் ஒரு வாடகை செஸ்னாவில் ஹெல்சிங்கியிலிருந்து கிளம்பி, உலகத்தின் பிரம்மாண்டமான வான் பாதுகாப்பைத் தாண்டி, மாஸ்கோ செஞ்சதுக்கத்தை ஒட்டிப் போய் இறங்கினான். வழியில் சோவியத் மிக் விமானம் ஒன்று பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, நம்ம ஆள்தான் போலிருக்கிறது என்ற பாவனையில் போய்விட்டது. பாதுகாப்பு அமைச்சர் சொகலோவுக்கு வேலை போயிற்று. அன்றைக்கு சோவியத் நாட்டில் என்ன விசேஷம் தெரியுமா? எல்லைக் காவலர் தினம்.

எல்லை மீறல் ஒருபுறம் இருக்கட்டும், எல்லைக்குள்ளேயே பறக்க ஆசைப்படும் நம்மூர்க்காரர்களின் கதையைக் கேளுங்கள். தேன்கனிக்கோட்டைக்குப் பக்கத்தில் பேளகொண்டப்பள்ளியில் தனியார் ஓடுதளம் ஒன்று இருக்கிறது. அங்கே குட்டி விமானங்களையே செய்திருக்கிறார்கள். 2024-ல் சட்டசபையில் முதல்வர் ஸ்டாலின், ஓசூரில் 2000 ஏக்கரில் விமான நிலையம், வருஷத்துக்கு மூன்று கோடிப் பயணிகள் என்று அறிவித்தார். ஆஹா என்று எழுந்து நின்றால், பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தம் கையை நீட்டுகிறது: 150 கிலோமீட்டருக்குள் புது ஏர்போர்ட் கூடாது, 2033 வரைக்கும். வெளிநாட்டு வானத்துக்குள் நுழைய ஒரு மணி நேர நோட்டீஸ் போதுமாம். ஓசூர்க்காரர் சொந்த வானத்தில் ஏற பல வருஷ நோட்டீஸ்!

1987-க்கே திரும்புவோம். பூமாலை விழுந்து எட்டு வாரத்துக்குள், ஜூலை 29-ம் தேதி, ராஜீவும் ஜெயவர்த்தனவும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அமைதி காக்கப் போன இந்தியப் படை அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தது தனிக் கதை, துயரக் கதை. ஒப்பந்தத்துக்கு மறுநாள் ராஜீவுக்கு அணிவகுப்பு மரியாதை. இலங்கை விமானப்படையால் மறிக்க முடியாதவரை கடற்படைச் சிப்பாய் ஒருவர் மறித்துவிட்டார். விஜித ரோஹண என்று பெயர். வரிசையில் மரியாதையாக நின்றிருந்தவர், கையிலிருந்த துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து ஓங்கி அடித்தார். ராஜீவ் சட்டென்று குனிந்ததால் தலை தப்பித்தது. பைலட்டின் அனிச்சைச் செயல் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ரோஹணவுக்கு ஆறு வருஷ தண்டனை. 1990-ல் அப்போதைய ஜனாதிபதி பிரேமதாச மன்னித்து வெளியே விட்டார். பிற்பாடு ரோஹண ஜோதிடரானார். சும்மா இருந்தாரா? ஜனாதிபதி சிறிசேன 2017 ஜனவரி 26-ம் தேதிக்குள் இறந்துபோவார் என்று நாள் குறித்துச் சொன்னார்; பின்னால் அதற்காகக் கைதும் ஆனார். குறித்த நாள் வந்தது. டெல்லியில் வழக்கம்போல் குடியரசு தின அணிவகுப்பு. சிறிசேன 2019 வரை பதவியில் இருந்தார்.