கயிறு பிடிக்கிற மச்சான்

ஏலே பேராண்டி, இங்கன வா. திண்ணையில உக்காரு. அடிக்க மாட்டேன். அடிக்கிற வயசு எனக்கும் போச்சு, வாங்குற வயசு உனக்கும் போச்சு.

விடியக்காலம் நாலு மணிக்கு வத்தல் மூடையை ஏத்தி விளாத்திகுளம் கொண்டுபோகணும்னு ராத்திரியே படிச்சுப் படிச்சுச் சொன்னேன். லோடு ஆட்டோக்காரன் வந்து ஆரன் அடிக்கான். தெரு நாயெல்லாம் எந்திரிச்சிருச்சு, நீ எந்திரிக்கல. என்னன்னு பாத்தா, நெஞ்சுமேல செல்லு. ராத்திரி ஒன்றரை மணிக்கு ஒண்ணுக்கு எந்திரிச்சேன், போர்வைக்குள்ள வெளிச்சம். யாருக்கோ பேய் பிடிச்சிருச்சுன்னு குலசாமியக் கும்பிட்டுக்கிட்டு நிக்கேன், உள்ள இருந்து ‘கோல்’னு சத்தம் வருது.

தப்பில்லடா. மாசி பங்குனி நமக்கு வத்தல் பறிக்கிற மாசம், ஐரோப்பாக்காரனுக்கு ஆளைப் பறிக்கிற மாசம். சாம்பியன்ஸ் லீக் நாக் அவுட்டுங்கிறது வேற ஒண்ணுமில்ல, நம்ம களத்துல தரம் பிரிக்கிற கதைதான். 2024-லயிருந்து 36 அணிய வச்சு ஆரம்பிக்கான். ஆளுக்கு எட்டு ஆட்டம். அது முடியவும் முதல் எட்டுப் பேரு நல்ல செவப்பு வத்தல், நேரா மூடைக்குள்ள. கடைசிப் பன்னெண்டு பேரு வெளுத்த காய், வீட்டுக்கு நடையக் கட்டு. நடுவுல கிடக்க 16 பேரை இன்னொரு தரம் வெயில்ல போட்டுப் புரட்டி, எட்டு எடுக்கான். அதுக்கப்புறம் தோத்தவனுக்குப் பஸ்ஸு, ஜெயிச்சவனுக்குப் பாயாசம்.

இதுல ரெண்டு ஆட்டம் வைக்கான் பாரு, அது கல்யாணச் சமாச்சாரம். ஒண்ணு பொண்ணு வீட்டுல, ஒண்ணு மாப்பிள்ளை வீட்டுல. முன்னெல்லாம் சமமா வந்தா, அடுத்தவன் ஊர்ல போட்ட கோலுக்கு மதிப்புக் கூட. மாமியார் வீட்டுல வாங்குன நல்ல பேரு மாதிரி. 1965-லயிருந்து இருந்த சட்டத்த ஐரோப்பாக்காரன் 2021-ல தூக்கிட்டான். அங்கயும் மருமகனுக்கு மதிப்புக் குறைஞ்சிருச்சு போல.

2019-ல நீ பள்ளிக்கூடத்துப் பய. உன் பார்சிலோனா சொந்த ஊர்ல லிவர்பூலை மூணுக்குச் சைபர்னு அடிச்சிட்டுன்னு தெருவெல்லாம் குதிச்ச. ‘அடுத்த ஆட்டம் இருக்குல்ல’ன்னு கேட்டேன். ‘தாத்தா, உமக்கு என்ன தெரியும்’ன. அடுத்த வாரம் மே 7-ந்தேதி லிவர்பூல்காரன் அவன் ஊர்ல வச்சு நாலு போட்டான். அந்த நாலாவது கோல் எப்படி விழுந்துச்சு? கார்னர் அடிக்கிறவன் பந்தை வச்சிட்டு ரெண்டு எட்டு நடந்து போனவன், சடார்னு திரும்பி அடிச்சிட்டான். உன் ஆளுங்க அம்புட்டுப் பேரும் பராக்குப் பாத்துக்கிட்டு நின்னாங்க. ஒரிகிங்கிறவன் உள்ள தட்டிவிட்டான். கோடி கோடியாச் சம்பளம் வாங்குனவன்தான். ஆளு அங்க நின்னான், கவனம் அங்க இல்ல. நீயும் ஆளு வீட்டுலதான் இருந்த, மூடை ஏறலையே!

சரி, பார்சிலோனாவுல எத்தனாவது நம்பர் சட்டைக்காரன் யாருன்னு கேட்டா ஒப்பிக்க. நம்ம பக்கத்துப் பெங்களூரு, ஆசியக் கண்டத்துக் கோப்பையில இறுதி ஆட்டம் வரைக்கும் போன கதை தெரியுமா? முழிக்கதப் பாரு, பொங்கலுக்கு வெள்ளையடிச்ச சுவர் மாதிரி.

2016, ஏ.எப்.சி. கோப்பை. 2013-ல தொடங்குன கிளப்பு, மூணு வயசுப் பிள்ளை. நாக் அவுட் முதல் ஆட்டத்துலயே ஹாங்காங் போயி கிட்சி அணிய மூணுக்கு ரெண்டுன்னு சாய்ச்சுது. கால் இறுதியில சிங்கப்பூரு டாம்பைன்ஸ் ரோவர்ஸ். இங்க வினீத் ஒரே ஒரு கோல் போட்டான். அங்க போயி ஒண்ணும் போடல, ஒண்ணும் வாங்கல. கையில இருந்த ஒத்தை ரூபாயக் கோமணத்துல முடிஞ்சு கொண்டுவந்த மாதிரி வந்துட்டான். அரை இறுதியில மலேசியாவுல இருந்து ஜோகூர் அணி. முந்துன வருசக் கோப்பைக்காரன். அந்த வருசக் குரூப் ஆட்டத்துல அவன் முதல்ல வந்தான், பெங்களூரு அவன் வாலைப் பிடிச்சு ரெண்டாவதா வந்துச்சு. அவன் ஊர்ல ஒண்ணுக்கொண்ணு. பெங்களூரு கண்டீரவா மைதானத்துல அக்டோபர் 19-ந்தேதி முதல் கோலை அவன்தான் போட்டான். நீயா இருந்தா செல்லை அணைச்சிட்டுப் படுத்திருப்ப. சேத்ரி ரெண்டு, ஹுவானன்ங்கிற ஸ்பெயின்காரன் ஒண்ணு. மூணுக்கு ஒண்ணு. ஏ.எப்.சி. கோப்பையில இறுதி ஆட்டம் போன முதல் இந்தியக் கிளப்பு அதுதான்.

இனிமேதான் சங்கதி. தூத்துக்குடிக் கடற்கரையில முத்துக்குளிக்கிற காலத்துல ஒரு வழக்கம் சொல்லுவாங்க. குளிக்கிறவன் கல்லைக் கட்டிக்கிட்டு உள்ள போவான். மேல தோணியில நின்னு கயிறு பிடிக்கிறவன் அவன் பொண்டாட்டிகூடப் பிறந்த மச்சானா இருக்கணுமாம். ஏன்? கயிறை விட்டா தாலியறுக்கிறது அவன் தங்கச்சில்லா! நாக் அவுட்டுல கோல்கீப்பர்தான் அந்த மச்சான். பத்துப் பேரு கடலுக்குள்ள முத்துத் தேடலாம், மேல ஒருத்தன் கயிறை விடாம நிக்கணும்.

பெங்களூருக்கு அதுவரைக்கும் கயிறு பிடிச்சவன் அம்ரிந்தர் சிங். இறுதி ஆட்டத்தன்னைக்குத் தோணியில ஆளைக் காணோம். முன்ன வாங்குன மஞ்சள் அட்டைக் கணக்கு அந்த ஆட்டத்துக்குத் தடையா வந்து நின்னுச்சு. சில்லறைக் கடன்தான், ஆனா கல்யாணத்தன்னைக்கு வாசல்ல வந்து கேட்டுட்டான். அவனுக்குப் பதிலா ரால்டேன்னு மிசோரம் பையன். சும்மா சொல்லக்கூடாது, 70 நிமிசம் கயிறை விடல. எதிர்ல ஈராக்குக்காரன், அல்-குவா அல்-ஜாவியா. விமானப்படைன்னு அர்த்தமாம். தரையில தடுத்தா ஆகாசத்துல வருவான் போலன்னு நினைச்சேன். 71-வது நிமிசம் ஹம்மாதி அகமது உள்ள தள்ளிட்டான். தோஹாவுல நவம்பர் 5-ந்தேதி ஒண்ணுக்குச் சைபர்னு கதை முடிஞ்சுச்சு. அவன் லேசுப்பட்ட ஆளில்ல, அடுத்த ரெண்டு வருசமும் கோப்பையத் தூக்குனது அவன்தான். சொந்த நாட்டுல சண்டை. வெளியூர் மைதானத்தையே சொந்த ஊர்னு நினைச்சு ஆடி ஜெயிச்சவன். உனக்குக் கட்டில்ல இருந்து எந்திரிக்க வெளிச்சம் பத்தல.

‘நம்ம தமிழ்நாட்டுக் கிளப்பு?’ன்னு கேக்க. கேளு. சென்னை சிட்டி 2019-ல ஐ-லீக் ஜெயிச்சு, அந்தத் தகுதியில 2020-ல ஆசியாவுக்குப் போச்சு. மார்ச்சுல மாலத்தீவு மாசியா அணிகூட ரெண்டுக்கு ரெண்டு. சொந்த ஊரு ஆட்டம்னு பேரு, நடந்தது அகமதாபாத்துல. நம்ம வீட்டு விசேசத்துக்கு அடுத்த ஊரு மண்டபம். அடுத்த ஆட்டத்துக்கு ஆள் கிளம்பும்போது கொரோனா வந்து போட்டியையே ரத்துப் பண்ணிட்டு. அவன் நாக் அவுட்டுக்குப் போகல, நாக் அவுட் அவனைத் தேடி வந்துச்சு. அது விதி, யாரையும் சொல்லிக் குத்தமில்ல. மஞ்சள் அட்டை அப்படியா? நம்ம கையால வாங்குறது.

அதனால நான் சொல்லுதது இவ்வளவுதான். லீக்கு மாசச் சீட்டு; ஒரு மாசம் விட்டா அடுத்த மாசம் கட்டிக்கிடலாம். நாக் அவுட்டு அப்படி இல்ல. அன்னைக்கு ஆளா வந்து நிக்கணும். பலசாலி தோப்பான், நோஞ்சான் ஜெயிப்பான், வராதவன் மட்டும் ஜெயிச்சதா சரித்திரமே இல்ல. இன்னைக்கு உன் மூடைய நான் ஏத்துனேன். இந்த இடுப்பு அம்ரிந்தரும் இல்ல, ரால்டேயும் இல்ல. 71-வது நிமிசம் வரைக்கும் தாங்காது.

நாளைக்கும் மூடை இருக்கு. என்ன, நாளைக்கும் ஆட்டம் இருக்கா? எத்தனை மணிக்கு? ஒன்றரைக்குத் தொடங்குனா மூன்றரைக்கு முடிஞ்சிரும். லோடு ஆட்டோ வாரது நாலு மணிக்கு. நடுவுல அரை மணி நேரம். ஆட்டத்தப் பாக்காதேன்னு நான் சொன்னேனாலே? முடியவும் படுக்காதேன்னு சொல்லுதேன்.

எக்ஸ்ட்ரா டைம் போச்சுன்னாவா? போனா, ஆட்டோக்காரனுக்கு டீ வாங்கிக் குடுத்து நான் பிடிச்சு வைக்கேன். பெனால்டி வந்தா மட்டும் சத்தம் குடு, ரெண்டு பேருமா வந்து பாத்துக்கிடுதோம்.